விரலுக்குத் திறக்கிற போன்

பூமயில் தன் வாழ்நாளில் கடையில் நின்று இதுவா அதுவா என்று யோசித்து ஒரு பொருளை எடுத்தது ஒரே ஒரு தடவைதான். மற்றதெல்லாம் அடுத்தவர் எடுத்துக் கொடுத்தது. புருஷன் இருளாண்டியைத் தாய்மாமன் பார்த்துக் கட்டிவைத்தார். கல்யாணப் புடவையை மாமியார் எடுத்தாள். மகளுக்கு அமுதவள்ளி என்று பெயர் சொன்னதுகூடப் பிரசவம் பார்த்த நர்சம்மாதான். இருளாண்டி மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்த பிறகு, வாலிநோக்கம் உப்பளத்தில் வேலை வாங்கிக் கொடுத்தவள் பக்கத்து வீட்டுச் சோலையம்மாள். இப்படிக் கைக்கு வந்து சேர்ந்ததை வாங்கிக்கொண்டே பழகியவளிடம், நாற்பத்தைந்து வயதுக்கு மேல் ஒருநாள் இரண்டு போன்களை முன்னால் வைத்து, உனக்கு எது வேண்டும் என்று கேட்டார்கள். அவள் நன்றாக யோசித்துத்தான் எடுத்தாள். யோசிக்காமல் எடுத்திருந்தால் இன்றைக்கு இவ்வளவு மனசு ஆறாமல் கிடக்க மாட்டாள்.

கேட்டது மகள் அமுதவள்ளி. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லுக்கு வேலைக்குப் போனவள். மில்லுக்குள்ளேயே ஹாஸ்டல். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்குப் பேசலாம், மற்ற நாளெல்லாம் போனை வார்டனிடம் ஒப்படைத்துவிட வேண்டும் என்பது அங்கே சட்டம். அமுதவள்ளி அந்தச் சட்டத்துக்கு மரியாதை கொடுத்து, உயிரே இல்லாத ஓட்டைப் போன் ஒன்றை எங்கேயோ பிடித்து வார்டனிடம் கொடுத்து வைத்திருந்தாள். நல்ல போன் அவள் தலையணை உறைக்குள் இருந்தது. ராத்திரி ஷிப்டு முடிந்து வந்து படுத்ததும் போர்வையைத் தலைவரைக்கும் இழுத்துக்கொள்வாள். வாய்விட்டுப் பேசினால் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். கிசுகிசுத்து, அதை வாட்ஸ்அப்பில் குரலாக அனுப்பினால் யாருக்கும் கேட்காது. ஆனால் குரல் வந்து சேர அம்மாவிடமும் அதற்கேற்ற போன் வேண்டுமே. பூமயிலிடம் இருந்தது பழைய பட்டன் போன்.

தீபாவளிக்கு லீவில் வந்த அமுதவள்ளி, போனஸை முந்தானையில் முடிந்துகொண்டு அம்மாவை ஏர்வாடிக்குக் கூட்டிப்போனாள். தர்கா தெருவில் ஜாபர் சாதிக் என்பவர் கடை. அவருடைய அண்ணன் துபாயிலிருந்து பழைய போன்களை அனுப்புவார். இவர் அதைப் பிரித்து, பேட்டரி மாற்றி, கண்ணாடி மாற்றி, துடைத்து, ரீஃபர்பிஷ்டு என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்பார். அமுதவள்ளி போட்டது ஒரே நிபந்தனை, போன் சின்னதாக இருக்க வேண்டும். உப்பளத்தில் சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்டுக் குனிந்து வாருகிற பூமயிலுக்கு, போன் வைக்க இடுப்புச் சுருக்குப்பையை விட்டால் வேறு இடம் இல்லை. இப்போது வருகிற போன்கள் பலகை பலகையாக இருக்கின்றன. சின்னதை இப்போது யாரும் செய்வதில்லை, பழசில்தான் கிடைக்கும் என்று சொல்லி ஜாபர் சாதிக் இரண்டை எடுத்துக் கண்ணாடி மேஜையில் வைத்தார்.

இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே கைக்குள் அடங்குகிற அளவு. ஒன்று முந்தி வந்தது, மற்றது அதற்கு அடுத்து வந்தது. முந்தி வந்ததற்குக் கீழே வட்டமாக ஒரு பட்டன் இருந்தது, விரலை வைத்தால் திறக்கும். அடுத்து வந்ததில் பட்டனே கிடையாது, முகத்தைக் காட்டினால் திறக்கும். அதில் பேட்டரியும் கூட நேரம் நிற்கும், இன்னும் சில வருஷம் தாக்குப்பிடிக்கும் என்றார் ஜாபர் சாதிக். விலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. அமுதவள்ளி புதியதைத்தான் கையில் எடுத்தாள்.

பூமயில் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள். "விடிஞ்சதுல இருந்து பொழுது சாயிற வரைக்கும் மூஞ்சியச் சுத்தித் துண்டக் கட்டிக்கிட்டு நிக்கேன். கண்ணு ரெண்டுந்தான் வெளிய தெரியும். இது என் மூஞ்சிய எங்கிட்டுப் பாக்கும்?"

வீட்டுக்கு வந்து துண்டை அவிழ்த்துவிட்டுப் பார்த்தால் போதாதா என்று மகள் கேட்டாள். போதாது என்றாள் தாய். "நீ காலையில பேசுறத நான் சாயங்காலமா வந்து கேக்க? பாத்தியில நிக்கும்போதே அங்கனயே கேக்கணும். விரலுன்னா கையோட இருக்கு, அது எங்கிட்டும் போயிராது."

கடைக்காரருக்குக்கூட அது நியாயமாகப் பட்டது. வெள்ளை வெளேரென்று கண்ணைப் பறிக்கிற உப்பில் முகத்தை மூடாமல் யார் நிற்க முடியும்? அமுதவள்ளி அரை மனதாகத் தலையாட்டினாள். பழையதே முடிவாயிற்று.

அது ஐப்பசி மாதம். தப்பு அங்கேதான் இருந்தது. ஐப்பசியில் உப்பளமெல்லாம் மழைத்தண்ணீரில் மூழ்கிக் கிடக்கும், தை பிறந்தால்தான் பாத்தி கட்டுவார்கள். வேலை இல்லாத அந்த மாதங்களில் உப்பளத்துப் பெண்களின் கை மெல்ல மெல்ல ஆறும். உரிந்த தோலுக்கு அடியில் புதுத்தோல் வரும், தோலோடு ரேகையும் வரும். வேலை தொடங்கிவிட்டால் உப்பும் வாரும் பலகையும் சேர்ந்து அதை வழித்து எடுத்துவிடும். விரல் நுனி தேய்ந்த சோப்புக்கட்டி மாதிரி வழவழவென்று ஆகிவிடும்.

இது அவளுக்குத் தெரியாதா? ஒரு விதத்தில் தெரியும். ரேஷன் கடையில் கைரேகை மெஷின் மழைக்காலத்தில் அவள் விரலை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்ளும். மாசி, பங்குனியில் கைவிரித்துவிடும். உப்பளத்தில் எல்லோருக்கும் இதே கதைதான். ஆனால் அவர்கள் ஒருவருக்கும் தங்கள் விரல்மேல் சந்தேகம் வந்ததில்லை. பாதி வருஷம் நன்றாக வேலை செய்து பாதி வருஷம் சண்டித்தனம் பண்ணுகிற மெஷினை என்னவென்று சொல்வது? அது சர்க்கார் மெஷின், அப்படித்தான் இருக்கும் என்று ஊரே முடிவுகட்டி வைத்திருந்தது. காசு கொடுத்து வாங்கிய போனும் அதே விரலைத்தான் கேட்கப்போகிறது என்று பூமயில் யோசித்துப் பார்க்கவில்லை.

அமுதவள்ளி அம்மாவின் வலது ஆள்காட்டி விரலைப் பிடித்துப் பட்டனில் வைத்து வைத்து எடுத்துப் பதிந்தாள். விரலோடு ஒரு நம்பரும் போட்டாக வேண்டும் என்று போன் கேட்டது, ஆறு எண் போட்டாள். வாரத்துக்கு ஒருதரம் அது விரலை விட்டுவிட்டு நம்பரைத்தான் கேட்கும், மனப்பாடம் பண்ணிக்கொள் என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போனாள்.

பூமயில் மனப்பாடம் பண்ணவில்லை. ஞாயிற்றுக்கிழமை மகள் கூப்பிடும்போது, போன் அந்த ஆறு எண்ணைக் கேட்கிறதம்மா என்பாள் இவள். அமுதவள்ளி திட்டிக்கொண்டே ஒவ்வொரு எண்ணாகச் சொல்வாள். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு பூமயில் ஒவ்வொன்றாக அமுக்குவாள். அமுக்கிட்டியா, அமுக்கிட்டேன், அடுத்தது என்று பால்வாடிப் பிள்ளைக்குப் பாடம் சொல்லுவதுபோல் போகும். ஆறு எண்ணை மனதில் வைக்க முடியாத அளவுக்கு அவள் மக்கு இல்லை. எத்தனை பாத்தியில் எத்தனை நாள் தண்ணீர் நிற்கிறது என்று முதலாளியின் கணக்குப்பிள்ளைக்கே சொல்லுகிறவள். மகள் அப்படிச் சொல்லிக் கொடுப்பது அவளுக்குப் பிடித்திருந்தது, அதனால் கற்றுக்கொள்ளவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

அந்த இரண்டு மூன்று மாதம் பூமயிலைப் பிடிக்க முடியாது. பெண்டு பிள்ளைகள் யாரைப் பார்த்தாலும் போனை எடுத்து விரலை வைத்துத் திறந்து காட்டுவாள். உள்ளே அமுதவள்ளி கிசுகிசுப்பாள், சாம்பாரில் பருப்பைத் தேடி ரெண்டு பேர் இறங்கியிருக்கிறார்கள், இன்னும் கரையேறவில்லை என்று. பூமயில் சிரித்துக்கொண்டே பதில் சொல்வாள். ஒரு பாத்தியிலிருந்து இன்னொரு பாத்திக்குக் கத்திப் பேசிய தொண்டை அது. மெதுவாகப் பேசும்மா, உன் சத்தத்தில் வார்டன் இங்கே எழுந்து உட்கார்ந்துவிடுவாள் என்று மறுநாள் பதில் வரும்.

தை கடைசியில் உப்பு வாரத் தொடங்கினார்கள். கொஞ்ச நாளில் போன் இடக்குப் பண்ண ஆரம்பித்தது. பாத்தியில் நிற்கும்போது எத்தனை தரம் வைத்தாலும் திறக்காது. வீட்டுக்கு வந்து வெந்நீரில் விரலை ஊறவைத்து, தேங்காயெண்ணெய் தடவி, சேலையில் துடைத்து, ஊதி, பிள்ளையார் கோயில் பக்கம் ஒரு பார்வை பார்த்து வைத்தால் திறக்கும். இதை அவள் மகளிடம் சொல்லவில்லை. புதியதை எடு என்று அவள் சொன்னபோது நான்தானே பிடிவாதம் பிடித்தேன், ராத்திரியெல்லாம் கண்முழித்துச் சம்பாதித்த பணத்தை அம்மா வீணாக்கிவிட்டாள் என்று அந்தப் பிள்ளை நினைத்துவிடக் கூடாது என்பது அவள் எண்ணம். பாசம் சில சமயம் இப்படித்தான் வாயை மூடிக்கொண்டு கெடுதல் செய்யும்.

மாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எண்ணெய்க்கும் மசியாமல் போய்விட்டது. அவளும் விடாமல் வைத்து வைத்துப் பார்த்தாள். கடைசியில் போன் சலித்துப்போய், விரல் வேண்டாம், நம்பரைப் போடு என்றது. ஞாயிற்றுக்கிழமை வரட்டும், அமுதா சொல்லுவாள், அப்படியே விஷயத்தையும் சொல்லிவிடலாம் என்று பூமயில் சுருக்குப்பையில் போட்டுக் கயிற்றை இழுத்தாள்.

மறுநாள் பாத்தியில் நிற்கும்போது இடுப்பில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தால் அமுதவள்ளியின் சின்னப் படமும், குரல் வந்திருக்கிறது என்ற வரியும் தெரிந்தன. வியாழக்கிழமையும் வந்தது, வெள்ளிக்கிழமை விடிகாலையிலும் வந்தது. திறக்க முடியவில்லை. என் போனில் கூப்பிட்டுக் கேளேன் என்றாள் சோலையம்மாள். மகளின் நம்பர் எங்கே இருக்கிறது? அதுவும் பூட்டிய போனுக்குள்தான் இருக்கிறது. அட, பருப்புக் கதையாகத்தான் இருக்கும், ஞாயிற்றுக்கிழமை மொத்தமாகக் கேட்டுச் சிரிக்கலாம் என்று பூமயில் சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஹாஸ்டலிலிருந்து கூப்பிட்டார்கள். வருகிற அழைப்பை எடுக்க விரலும் வேண்டாம், நம்பரும் வேண்டாம். உங்கள் பிள்ளைக்குக் காய்ச்சல் முற்றிவிட்டது, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், உடனே வாருங்கள் என்றார்கள். கட்டின துண்டை அவிழ்க்காமல் சோலையம்மாளோடு பஸ் ஏறினாள். மதுரையில் மாறி, திருப்பூரில் மாறிப் போய்ச் சேர்ந்தபோது அமுதவள்ளியை மார்ச்சுவரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள்.

கூட இருந்த பெண் ஒருத்தி அழுதுகொண்டே பூமயிலின் கையைப் பிடித்துச் சொன்னாள். "செவ்வாய்க்கிழமையில இருந்தே முடியலம்மா. புதன்கிழமையில இருந்து போர்வைக்குள்ள உங்ககிட்டதான் பேசிக்கிட்டே கெடந்துச்சு." என்ன பேசினாள் என்று அவளுக்குத் தெரியாது. கிசுகிசுத்தால் பக்கத்துக் கட்டிலுக்குக்கூடக் கேட்காது.

அமுதவள்ளி தலையணை உறைக்குள் வைத்திருந்த நல்ல போன் கிடைத்திருந்தால் அதில் அந்தக் குரல் இருந்திருக்கும். கேட்டதற்கு, எங்கள் ஹாஸ்டலில் போனே அனுமதி இல்லை, பிள்ளைகள் போன் எல்லாம் வார்டனிடம்தான் இருக்கும் என்று சொல்லி, பையோடு ஒரு போனைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அது அந்த ஓட்டைப் போன். பூமயில் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பேசு பேசு என்று தட்டியதைப் பார்த்துச் சோலையம்மாள் சுவரில் முட்டிக்கொண்டு அழுதாள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு பூமயில் உட்கார்ந்து அந்த ஆறு எண்ணை நினைத்துப் பார்த்தாள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கேட்டதுதானே. மகள் சொல்லும் தோரணை அப்படியே காதில் இருந்தது. முதல் எண்ணை இழுத்துச் சொல்வாள், மூன்றாவதில் அவசரப்படுவாள், கடைசியில் ஒரு அலுப்பு. குரல் ஏறினதும் இறங்கினதும் ஞாபகம் வந்தன, எண் மட்டும் வரவில்லை. அமுதவள்ளி பிறந்த தேதியைப் போட்டாள். இருளாண்டி செத்த தேதியைப் போட்டாள். வாய்க்கு வந்ததைப் போட்டாள். ஒவ்வொரு தப்புக்கும் போன் இன்னும் கொஞ்ச நேரம் கதவைச் சாத்திக்கொண்டது.

ஏர்வாடிக்கு ஓடினாள். ஜாபர் சாதிக் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, இனிமேல் ஒரு நம்பரும் போடாதீர்கள், அடியோடு பூட்டிக்கொள்ளும் என்றார். உள்ளே இருப்பதை அழித்துவிட்டுத் திறக்கலாம், அழிக்காமல் திறக்க யாராலும் முடியாது என்றார். பூமயில் தன் விரலை நீட்டினாள். "மழைக்காலத்துல ரேகை வந்துரும் தம்பி. ரேஷன் கடையிலேயே எடுக்கும். அப்ப இது தெறக்கும்ல?"

ஜாபர் சாதிக் அந்த விரலைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். "மழை வரட்டும்க்கா. இன்ஷா அல்லாஹ், பாப்போம்" என்றார்.

விரல் சரியாக இருந்த நாளிலும் ஞாயிற்றுக்கிழமை அது நம்பரைத்தானே கேட்டது என்பது பூமயிலுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் தெரிந்ததை நம்புவதா, போன் விற்றவர் சொன்னதை நம்புவதா என்று வந்தபோது, அவள் எதை நம்பினாள் என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தக் கோடை முழுக்க அவள் உப்பளப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. விரல் சீக்கிரம் ஆறட்டும் என்று கஞ்சியும் கருவாடுமாகக் காலம் தள்ளினாள். பாத்திரம்கூட இடது கையால் தேய்த்தாள். போனைச் சார்ஜ் இறங்க விடுவதே இல்லை. அமுதவள்ளி என்ற பெயரும் சின்னப் படமும் மேலே தெரியும்போதெல்லாம் ஒரு நிம்மதி, உடனே ஒரு கேள்வி. உள்ளே என்ன சொல்லியிருப்பாள்? என்னை வந்து கூட்டிப்போ என்றாளா? ஏன் பதில் சொல்ல மாட்டேன் என்கிறாய் என்று கேட்டாளா? ஒன்றும் இல்லை, சும்மா காய்ச்சல்தான், நீ சாப்பிட்டாயா என்று சொல்லியிருந்தால்? அந்த ஒன்றைக் கேட்டுவிட்டால் போதும், அப்புறம் செத்தாலும் சரி என்று சோலையம்மாளிடம் சொல்வாள். திட்டக்கூடச் செய்திருக்கலாம், திட்டினால் கேட்டுக்கொள்வேன் என்பாள்.

ஐப்பசி வந்தது, மழையும் வந்தது. தீபாவளிக்கு முந்தின வாரம் ரேஷன் கடையில் அவள் விரலை ஒரே தடவையில் மெஷின் எடுத்துக்கொண்டது. அரிசியை வாங்காமல் வீட்டுக்கு ஓடிவந்தாள். முந்தின ராத்திரியே காற்றிலும் மழையிலும் மின்கம்பம் சாய்ந்து ஊரே இருண்டு கிடந்தது. போனில் சார்ஜ் கடைசி மூச்சில் இருந்தது. புதியதாக இருந்திருந்தால் தாங்கியிருக்கும், இது பழசு. அவள் விரலைத் துடைத்து வைப்பதற்குள் கண்ணை மூடிக்கொண்டது.

கரண்ட் வந்து போன் முழித்தபோது மேலே அமுதவள்ளியின் பெயர் இல்லை, படமும் இல்லை. அணைந்து எழுந்ததில் அந்த வரி போய்விட்டது. பூமயில் விரலை வைத்தாள். ரேகை ரேகையாக, வாங்கின நாளில் இருந்த அதே விரல். போன் நம்பரைக் கேட்டது. எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள். நம்பரைத்தான் கேட்டது.

ஏர்வாடிக் கடையில் ஜாபர் சாதிக் அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். கேட்பதற்கு முன்னாலேயே சொன்னார். "நம்பர் போடாம அது விரல ஏத்துக்கிறாதுக்கா. அன்னைக்கே எனக்குத் தெரியும். சொல்ல மனசு வரல."

பூமயில் கோபப்படவில்லை. கோபப்பட வேண்டிய இடம் அதுவல்ல என்பதுபோல் தலையை ஆட்டினாள். பிறகு, பட்டன் இல்லாத அந்த இன்னொரு போன் இன்னும் இருக்கிறதா என்று கேட்டாள். அது எப்போதோ விற்றுப்போயிற்று என்றார்.

"அத எடுத்திருந்தா, அன்னைக்குப் பொழுதுசாய வீட்டுக்கு வந்து துண்ட அவுத்த ஒடனே அது என் மூஞ்சியப் பாத்திருக்கும். நான் கேட்டிருப்பேன். அன்னைக்கே பஸ் ஏறியிருப்பேன். அப்படித்தான தம்பி?"

ஒருதரம் இரக்கப்பட்டுப் பொய் சொன்னவர். இந்தத் தடவை அதற்கும் தெம்பில்லை. "ஆமாக்கா" என்றார்.

பிறகு, உள்ளே இருப்பதை அழித்துப் புதுசு மாதிரி ஆக்கித் தரட்டுமா, காசு வேண்டாம், இனிமேலாவது உபயோகப்படும் என்று மெல்லக் கேட்டார். பூமயில் போனைச் சுருக்குப்பைக்குள் போட்டாள்.

"வேணாம். உள்ள அவ பேசிட்டு இருக்கா" என்று சொல்லிவிட்டுக் கயிற்றை இழுத்து முடிந்துகொண்டாள்.

தை பிறந்ததும் பாத்தி கட்டினார்கள். பூமயில் முகத்தைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு, வலது கையால் பலகையைப் பிடித்து, எல்லோருக்கும் முன்னால் இறங்கி வாரத் தொடங்கினாள். கையைப் பார்த்து வாரு என்று சோலையம்மாள் சொன்னதற்கு, இந்த விரலை வைத்துக்கொண்டு இனி என்ன செய்யப்போகிறேன் என்று கேட்டாள்.